மூன்று தோளில் ஒரு பெட்டி

உரும்பிராய் கிழக்கு
20.10.2024

மூஞ்சூறு,

சுகமாக இருப்பாய் என்று நினைக்கிறேன். முப்பத்தாறு வயதுக்காரனை இன்னும் இந்தப் பெயரால் கூப்பிடலாமோ தெரியவில்லை. நான் கலியாணம் முடித்து இந்த வீட்டுக்கு வந்த நாளில் நீ ஒரு ரேடியோவைக் கழற்றி வைத்துக்கொண்டு கட்டிலுக்குக் கீழே படுத்திருந்தாய். மாமி விளக்குமாற்றை உள்ளே விட்டு, "வெளியிலை வாடா மூஞ்சூறு, அண்ணி வந்திட்டா" என்றா. மாமியும் போய்விட்டா. என்னைக் கட்டின கொண்ணரும் போய்விட்டார். இனி அந்தப் பெயரைச் சொல்ல நான் ஒருத்திதான்.

என் எழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே. ஐந்தாம் வகுப்போடு நின்றவளின் எழுத்து இப்படித்தான் இருக்கும். போனில் கதைக்கலாமே என்று கேட்பாய். எனக்கு ஏலாது. ஏன் என்று இப்போது கேட்காதே. கொண்ணரின் பெரிய போன் அவரின் விரலுக்குத்தான் திறக்கும். அந்த விரலை ஆவணியில் எரித்துவிட்டோம். என்னிடம் இருப்பது பொத்தான் போன். அதனால்தான் தபால்.

விஷயம் பெட்டிதான். நீ வெளிநாடு போக முதல், அவர் எடுக்கிற வீடியோப் படங்களைப் போட்டு வைக்கச் செய்து கொடுத்தாயே, நாலு டிஸ்க் போட்ட லினக்ஸ் கம்பியூட்டர்ப் பெட்டி, அது படம் தருகுதில்லை. கெடுத்தது நான்தான்.

அவர் செத்த பிறகும் பெட்டி ஓடிக்கொண்டுதான் இருந்தது. அணைக்க மனம் வரவில்லை. வீட்டில் இரைந்துகொண்டிருந்தது அது ஒன்றுதான். ஒவ்வொரு வருசமும் சரஸ்வதி பூசைக்கு அவர் பெட்டியைத் திறந்து தூசு தட்டி, நாலு டிஸ்க்கையும் கழற்றித் துடைத்து, கமராவோடு சாமிப்படத்துக்கு முன்னால் வைத்துப் பொட்டு வைப்பார். அடுத்த நாள் திரும்பப் பூட்டுவார். இந்த வருசம் பொட்டில்லாமல் அது கிடக்கக் கூடாது என்று நினைத்தேன். பக்கத்து வீட்டுப் பராசக்தி அக்கா வேலியால் எட்டிப் பார்த்து, "ஆண்டுத் திவசம் முடியேல்லை, உந்த வீட்டிலை என்னடி பூசை?" என்றா. "பூசை இல்லை அக்கா, அவரின்ரை சாமானுக்குப் பொட்டு" என்றேன்.

அவர் அணைக்கும்போது ஏதோ தட்டித்தான் அணைப்பார். நான் வயரைப் பிடுங்கினேன். அவர் தீக்குச்சியால் தொட்டு வைப்பார். நான் சந்தனத்தை நன்றாகக் கரைத்து விரலால் அப்பினேன். வடிந்திருக்க வேண்டும். விஜயதசமிக்குப் பூட்டும்போது எது எந்த இடத்தில் இருந்தது என்று தெரியவில்லை. அவர் எழுதிய இலக்கம் சந்தனத்துக்குள் போய்விட்டது. கரண்ட் போட்டேன். இங்கிலீசில் நாலு வரி வந்து நின்றுவிட்டது. பின்பக்கத்தில் பார்த்து எழுதியிருக்கிறேன்.

ரவுணில் ஒரு கம்பியூட்டர்க் கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரன், "ரெண்டு டிஸ்க் தெரியேல்லை அக்கா. புதுசாய்க் கிறியேற் பண்ணித் தாறன், பெட்டி புதுசு மாதிரி ஓடும்" என்றான்.

"உள்ளுக்கு இருக்கிறது?"

"அது அழிஞ்சு போட்டுது எண்டு நினையுங்கோ."

நான் பெட்டியைத் தூக்கி ஓட்டோவில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

உனக்குத் தெரியும், கலியாண வீடுகளுக்குப் பறக்கிற கமராவோடு பொடியள் வந்த பிறகு கொண்ணர் செத்த வீடுதான் எடுத்தவர். செத்த வீட்டில் கமரா பறக்கத் தேவையில்லை என்பார். அவர் எடுத்த படம் ஒன்றிலும் அவர் இல்லை. ஆனால் குரல் இருக்கும். "கொஞ்சம் விலகுங்கோ ராசாத்தி, கனடாவிலை இருக்கிற பிள்ளை முகத்தைப் பாக்கட்டும்" என்று கமராவுக்குப் பின்னால் நின்று சொல்லுவார். ஆட்களுக்குக் கொடுக்கிற படத்தில் அதை வெட்டிவிட்டுத் தேவாரம் போட்டுவிடுவார். வெட்டாத படம் இந்தப் பெட்டிக்குள் மட்டும்தான் இருக்கிறது. அவர் குரல் உலகத்தில் வேறு எங்கேயும் இல்லை மூஞ்சூறு. எனக்கு அது வேண்டும்.

அவர் கடைசியாக எடுத்தது கொடிகாமத்தில் தம்பிஐயா என்பவரின் மனுசியின் செத்த வீடு. எடுத்து மூன்றாம் நாள்தான் கொண்ணர் பால் வாங்கப் போன இடத்தில் சைக்கிளோடு விழுந்து செத்தார். அந்தப் படமும் இதற்குள்தான். தம்பிஐயா பஸ் ஏறி வந்து கேட்டுவிட்டுப் போகிறார், வாய் திறந்து அவசரப்படுத்துகிறதில்லை.

என்ன செய்ய வேண்டும் என்று எழுது.

குணலட்சுமி அண்ணி


டோர்ட்முண்ட்
08.11.2024

அன்புள்ள அண்ணிக்கு,

கடிதம் கிடைத்தது. வேலை இடத்துச் சாப்பாட்டு அறையில் வைத்து உடைத்தேன். முதல் சொல்லைப் பார்த்ததும் எழும்பிப் போய், பாத்திரம் கழுவுகிற இடத்தில் நின்று மிச்சத்தை வாசித்தேன். அங்கே சத்தம், ஒருவரும் பார்க்க மாட்டார்கள்.

ஒன்றைச் சொல்லாமல் பெட்டியைப் பற்றி எழுத எனக்கு வராது. செத்த வீட்டன்று நான் போன் பண்ணினேன். நீங்கள்தான் பேசினீர்கள். "அண்ணி" என்று ஒரு சொல்தான் சொன்னேன். போனைக் கீழே போட்டுவிட்டீர்கள். அதற்குப் பிறகு எத்தனை தரம் அடித்தும் நீங்கள் எடுக்கவில்லை. விசா வழக்கு முடியாமல் இந்த நாட்டைவிட்டு வெளிக்கிட்டால் திரும்பி வர முடியாது என்று உங்களுக்குத் தெரியும். வராததற்கு என்னை வெறுப்பதென்றால் வெறுங்கள். ஆனால் ஊரில் ஆர் செத்தாலும் வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைக்குப் படம் வந்தது. அண்ணை அனுப்பினார். அண்ணையின் தம்பிக்கு மட்டும் ஒரு படமும் வரவில்லை. அவர் எப்படிக் கிடந்தார், என்ன உடுத்தியிருந்தார் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

சரி. பெட்டி.

பெட்டிக்கு இப்போது கரண்ட் கொடுக்க வேண்டாம். "கிறியேற்" என்ற சொல்லை ஒருவரும், நீங்களும், கடைக்காரனும், அதில் அடிக்கக் கூடாது. அது புதுக் கணக்கைத் தொடங்குகிற சொல். பழையதை விசாரிக்காமலே மேலே எழுதிவிடும். அந்தக் கடையில் இருந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தீர்களே, அது ஒன்றுதான் இதுவரை நடந்த நல்ல காரியம்.

இடம் மாறிப் பூட்டியதற்குப் பயப்பட வேண்டாம். ஒவ்வொரு டிஸ்க்கிலும் தான் எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தது, அதில் எத்தனையாவது ஆள் என்று எழுதியிருக்கும். எந்தக் கதிரையில் இருத்தினாலும் அது தன் பெயரைச் சரியாகச் சொல்லும்.

நாலு பேர் பிரேதப் பெட்டி தூக்குகிறார்கள் என்று வையுங்கள். ஒருவர் தோளை எடுத்துவிட்டால் மூன்று பேர் எப்படியோ கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள். இரண்டாவது ஆளும் எடுத்துவிட்டால் கீழேதான் வைக்க வேண்டும். உங்கள் பெட்டியில் ஒரு டிஸ்க் போன சித்திரையிலேயே தோளை எடுத்துவிட்டது. பெட்டி எனக்கு ஈமெயிலில் அறிவித்தது, நான் அன்றே அண்ணைக்குப் போன் பண்ணினேன். "நாலு காலிலை நிண்டால் என்ன, மூண்டு காலிலை நிண்டால் என்ன, எனக்குப் படம் வந்தால் சரி. நீ உன்ரை சட்டி பானையைக் கழுவு" என்றார். சிரித்தார். நானும் சிரித்தேன். இப்போது சந்தனம் பட்ட ஒன்றும் தெரியாமல் போயிருக்கிறது. அதனால்தான் பெட்டி எழும்பவில்லை.

நாலையும் கழற்றுங்கள். வயர் பூட்டுகிற வாயில் சந்தனம் இருக்கிறதா என்று பாருங்கள். ஊசியால் கிண்ட வேண்டாம். புதுப் பல் தூரிகையை மருந்துக்கடை ஸ்பிரிட்டில் தொட்டு மெல்லத் தேய்த்து, ஒரு நாள் நிழலில் காயவிட்டுப் பூட்டுங்கள். தனித்தாளில் சில வரிகளைப் பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறேன். அது பார்க்க மட்டும். ஒன்றையும் மாற்றாது. அதை அடித்தால் ஒவ்வொரு டிஸ்க்கும் தான் கடைசியாக வேலை செய்த திகதியைச் சொல்லும். அதை அப்படியே எழுதி அனுப்புங்கள்.

கோபிசங்கர்


உரும்பிராய் கிழக்கு
02.12.2024

மூஞ்சூறு,

மழை. கிணறு நிரம்பி வெளியே வருகிறது. தபால்காரன் உன் கடிதத்தைச் சேர்ட்டுக்குள் வயிற்றோடு வைத்துக்கொண்டு வந்து தந்தான்.

கோபிசங்கர் என்று கையெழுத்து வைத்திருக்கிறாய். பெரிய மனுசன்.

சந்தனம் ஒரு டிஸ்க்கின் வாயை அடைத்துக் கல்லாகக் காய்ந்திருந்தது. நீ சொன்னபடி துடைத்தேன். ஈரக்காற்று என்பதால் அரிசி வாளிக்குப் பக்கத்தில் துணி விரித்து இரண்டு நாள் விட்டேன். பிறகு உன் தாளைச் சுவரில் ஒட்டி ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்துக் குத்தினேன். புள்ளி, கோடு எல்லாம் பார்த்தேன். இப்போது நாலும் தெரிகிறது. மூன்று டிஸ்க் நான் வயரைப் பிடுங்கிய நாளைச் சொல்கிறது. ஒன்று மட்டும் சித்திரையைச் சொல்கிறது. அந்தச் சித்திரை டிஸ்க் ஒரு சத்தமும் இல்லாமல் ஓடுகிறது. சந்தனம் பட்டது டிக் டிக் என்கிறது. நல்லதை வைத்துக்கொண்டு டிக் டிக்கை விட்டால் என்ன?

இனி உன் கோபம்.

நான் உன்னை வெறுக்கவில்லையடா. அந்த நேரம் கொண்ணரை நடு வீட்டில் கிடத்தி, நாடியைச் சுற்றித் துணி கட்டியிருந்தது. நான் தலைமாட்டில் இருந்தேன். ஆரோ போனைக் கொண்டுவந்து காதில் வைத்தார்கள். வந்தது அவர் குரல். நீ அவரைப் போலத்தான் கதைப்பாய், ஊரில் எல்லாரும் சொல்லுவார்கள், நான் அதுவரை கவனித்ததில்லை. வாய் கட்டிக் கிடக்கிற மனுசன் போனுக்குள் இருந்து கூப்பிட்டால் நான் என்ன செய்ய? அன்றையில் இருந்து போன் அடித்தால் கை போகுதில்லை. உன்னோடு கோபம் என்று நீ நினைத்தது நல்லது. இதைச் சொல்ல வெட்கமாக இருந்தது.

படம் வரவில்லை என்கிறாய். ஆர் எடுக்கிறது? எடுக்கிற ஆள்தானே பிரேதப் பெட்டிக்குள் கிடந்தார். அவர் எடுக்கிற ஒழுங்கில் நான் சொல்கிறேன், கண்ணை மூடிக்கொண்டு பார்.

முதலில் வாசல் படலை. வெள்ளைத் துணி கட்டியிருந்தது. ஒரு பக்கம் அவிழ்ந்து தொங்கியது. அவர் இருந்தால் கட்டிவிட்டுத்தான் எடுப்பார். பிறகு முற்றம். பந்தலுக்குள் ஆம்பிளைகள், வெய்யில். பிறகு வீடு. கலியாணத்துக்குக் கட்டின பட்டு வேட்டி. இடுப்பு பெருத்துவிட்டது, எட்டாமல் பின்னுக்கு ஊசி குத்தினோம், வெளியே தெரியாது. வலது புருவத்தில், கமராவில் கண் வைத்து வைத்து வந்த தழும்பு இருந்ததே, அது அப்படியே தெரிந்தது. திருநீறு பூசியது நான். முகம் அமைதி என்று எல்லாரும் சொன்னார்கள், எனக்கு அப்படித் தெரியவில்லை. எதையோ கேட்டுக்கொண்டிருக்கிறவர் போலக் கிடந்தார். கொள்ளி வைக்க எங்களுக்குப் பிள்ளை இல்லை. பெரியப்பாவின் மகன் வைத்தான். உன் இடம் அது. குற்றம் சொல்லவில்லை, நீ கேட்டாய், சொல்கிறேன்.

சுடலையால் வந்தவர்கள் முழுகிச் சாப்பிட்டார்கள். பிறகு ஒவ்வொருவராகப் போனார்கள். செத்த வீட்டில் "வாறன்" என்று சொல்லிக்கொண்டு போகிற வழக்கம் இல்லைத்தானே. அப்படிச் சொன்னால் இன்னொரு சாவுக்கு வருகிறேன் என்று ஆகிவிடும். கொண்ணரும் ஒருநாளும் சொன்னதில்லை. கமராப் பையைத் தோளில் போட்டுச் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு கள்ளன் மாதிரி வெளியே வருவார். அன்று எங்கள் வீட்டிலும் அப்படித்தான் போனார்கள். நான் குசினி அடுப்படிக்குப் போய் வந்து பார்க்கிற ஒவ்வொரு தரமும் விறாந்தையில் சனம் குறைந்துகொண்டு போனது. ஒருத்தரும் என்னிடம் சொல்லவில்லை. கடைசியாக வந்து பார்த்தேன். கதிரைகள் மட்டும் இருந்தன.

இவ்வளவும்தான் படம்.

அண்ணி


டோர்ட்முண்ட்
20.12.2024

அண்ணி,

படம் பார்த்தேன். நன்றி என்று எழுதினால் அடிப்பீர்கள். எழுதவில்லை. பின்னுக்குக் குத்தின ஊசிதான் திரும்பத் திரும்பத் தெரிகிறது.

அந்தச் சித்திரை டிஸ்க்கை நம்ப வேண்டாம். அது பொய் சொல்லவில்லை. ஆனால் அதற்குத் தெரிந்தது சித்திரை வரைக்கும்தான். அதற்குப் பிறகு வீட்டில் நடந்த ஒன்றும் தெரியாது. அதை இப்போது கூட்டத்தில் சேர்த்தால் பழைய கதையைப் புதுக் கதையோடு கலந்து எல்லாவற்றையும் குழப்பும். சத்தம் இல்லாமல் சுகமாக இருக்கிறதே என்று பார்க்காதீர்கள். தூரத்தில் இருக்கிறவர்கள் எல்லாரும் சுகமாகத்தான் தெரிவார்கள். நானும் அந்த டிஸ்க்தான் அண்ணி. ஊரைப் பற்றி எனக்குத் தெரிந்தது நான் விமானம் ஏறின நாள் வரைக்கும்தான்.

டிக் டிக் என்கிறது களைத்த டிஸ்க். ஆனால் கடைசி நாள்வரை அண்ணையோடு நின்றது அதுதான். அதை இனி அலைக்கழிக்கக் கூடாது. ஒரே ஒரு தரம் வாசித்து, வாசித்ததை வேறொன்றில் நகல் எடுக்க வேண்டும். மற்ற இரண்டையும் அப்படியே. நகல் எடுக்காமல் உயிர்ப்பிக்கிற வேலை ஒன்றும் செய்யக் கூடாது. பிழையாகப் போனால் திரும்ப ஒருமுறை முயற்சி செய்ய எங்களுக்கு மூலம் இருக்க வேண்டும்.

பராசக்தி அக்காவின் மகள் வினோஜா இங்கேயிருந்து தைப்பொங்கலுக்கு ஊருக்கு வருகிறா. அவவிடம் மூன்று புது டிஸ்க்கும், பிறகு படங்களைப் பிரதி எடுக்க ஒரு வெளி டிஸ்க்கும் கொடுத்துவிடுகிறேன். சொக்லேற் கொண்டுபோக இடம் இல்லை என்று சண்டை பிடித்தா. சித்திரை டிஸ்க்கைக் கழற்றி அந்த இடத்தில் புது டிஸ்க்கைப் பூட்டி நகல் எடுங்கள், ஒன்று முடிய மற்றது. தாளில் எழுதியிருக்கிறேன்.

ஒரு இடத்தில் மட்டும் கவனம். எதிலிருந்து எதற்கு என்று இரண்டு பெயர் கொடுக்க வேண்டும். மாறிக் கொடுத்தால் வெறும் டிஸ்க் போய் அண்ணையின் டிஸ்க்கை மூடிவிடும். ஒவ்வொரு டிஸ்க்கின் நெற்றியிலும் ஒரு நீள இலக்கம் ஒட்டியிருக்கும். திரையில் வருகிற இலக்கத்தை அதோடு ஒத்துப் பார்த்துவிட்டுத்தான் எண்டர் தட்டுங்கள். சந்தனம் மூடியிருந்தால் ஈரத் துணியால் துடையுங்கள். பொட்டு அழிந்தால் அண்ணை கோபிக்க மாட்டார்.

நகல் மூன்றும் ஆனபிறகு மூலம் மூன்றையும் கழற்றி அலுமாரியில் வையுங்கள். மூலமும் நகலும் ஒன்றாகப் பெட்டிக்குள் இருக்கக் கூடாது. ஒரே பெயரோடு இரண்டு பேர் நின்றால் பெட்டி குழம்பும். பிறகு கடைசித் தாளில் உள்ள "அசெம்பிள்" வரி. அதற்குக் கூட்டிச் சேர் என்று அர்த்தம். புதிதாக எதையும் செய்யாது, இருக்கிறவர்களைக் கூப்பிடும்.

இங்கே பனி தொடங்கிவிட்டது. நான் இனிப் போன் அடிக்க மாட்டேன். நீங்கள் சொல்லும்வரை.

மூஞ்சூறு


உரும்பிராய் கிழக்கு
19.01.2025

மூஞ்சூறு,

வினோஜா வந்தாள். டிஸ்க்கைத் தந்துவிட்டு, "அன்ரி, என்ரை போனிலை கோபி அண்ணையோடை வீடியோ கோல் போட்டுத் தாறன், அஞ்சு நிமிசத்திலை முடிச்சிடலாம், ஏன் கடிதம் எழுதிச் சாகிறியள்?" என்றாள். நான் வேண்டாம் என்றேன். "ரெண்டு பேருக்கும் விசர் பிடிச்சிட்டுது" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவளுக்கு உன் குரல் வெறும் குரல்தானே.

பொங்கல் இல்லை, ஆண்டு முடியவில்லை. ஊரெல்லாம் வெடி. நான் பெட்டிக்கு முன்னால் இருந்தேன். நல்ல இரண்டும் சுகமாக நகல் ஆனது. டிக் டிக் டிஸ்க் ஒரு பகல் ஒரு இரவு கழிந்தும் முடியவில்லை. ஒரு இடத்தில் வந்து நின்று, கால் நோகிற கிழவி படி ஏறுகிற மாதிரி, போகிறதா இல்லையா என்று தெரியாமல் நின்றது. கையை அதன் மேல் வைத்துப் பார்த்தேன். சுட்டது. "மெல்லப் போ, ஆறுதலாய்ப் போ" என்றேன். ஒருத்தரும் இல்லாத வீட்டில் டிஸ்க்கோடு கதைத்தேன் என்று பராசக்தி அக்காவுக்குச் சொல்லிவிடாதே. பிறகு அது போனது. கடைசியில் கொஞ்சம் வாசிக்க முடியவில்லை என்று எழுதியது. எவ்வளவு என்று அடுத்த பக்கத்தில் இருக்கிறது, பார்.

இலக்கத்தை ஒத்துப் பார்த்தேன். மூன்று தரம் பார்த்தேன். எண்டர் தட்டக் கை வராமல் எழும்பிப் போய் மாட்டுக்குத் தவிடு வைத்துவிட்டு வந்து திரும்பப் பார்த்துத்தான் தட்டினேன்.

மூலத்தை அலுமாரியில், அவரின் வேட்டிக்குள் வைத்திருக்கிறேன்.

நேற்று அசெம்பிள் வரியை அடித்தேன். பெட்டி மூன்று பேரையும் கண்டுபிடித்தது. ஆனால் எழும்ப மாட்டேன் என்கிறது. என்ன சொல்கிறது என்று கீழே எழுதியிருக்கிறேன். ஒரு சொல் வினோஜாவிடம் காட்டிக் கேட்டேன், ஊத்தை என்று அர்த்தமாம். நான் நன்றாகத்தானே துடைத்தேன்? ஸ்பிரிட் போட்டுத்தான் துடைத்தேன்.

அதற்கு மேல் ஒன்றும் தொடவில்லை. கரண்டை, நீ எழுதின வரியை அடித்து, ஒழுங்காக அணைத்தேன். அணைத்த பிறகு வீடு ஒரு மாதிரி இருந்தது. கடிக்க வந்த நுளம்பு கத்துவதுகூடக் கேட்டது.

தம்பிஐயா நேற்றும் வந்தார். மரவள்ளிக்கிழங்கு கொண்டுவந்து வைத்துவிட்டுப் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "என்ன பிள்ளை, எழும்புமோ?" என்றார். "தம்பி எழுதுவான் ஐயா" என்றேன். "அவசரம் இல்லை. எனக்கு அவவின்ரை முகம் நினைவிலை நிக்குது. வெளிநாட்டிலை இருக்கிற மகளுக்குத்தான் இல்லை" என்றார். பிறகு, "எனக்கும் இப்ப சாடையாய்க் குழம்புது" என்றார்.

எழுது.

அண்ணி


டோர்ட்முண்ட்
07.02.2025

அண்ணி,

உங்கள் துடைப்பில் ஒரு குறையும் இல்லை. அது அந்த ஊத்தை இல்லை.

வயரைப் பிடுங்கிய நேரம் பெட்டி எதையோ எழுதிக்கொண்டிருந்திருக்கிறது. பாதியில் நின்றுவிட்டது. மூன்று பேரும் அந்தக் கடைசி வரியை ஒரேமாதிரி எழுதி முடித்தார்களா என்று அதற்குச் சந்தேகம். நாலாவது ஆள் இருந்தால் ஒத்துப் பார்த்திருக்கும். இல்லை. அதனால் பிழையாகச் சொல்வதைவிடச் சொல்லாமல் இருப்போம் என்று நிற்கிறது. பிடிவாதம் இல்லை, பயம்.

அண்ணை போனபிறகு பெட்டியில் ஒருவரும் படம் போடவில்லை. அந்த நேரம் எழுதிக்கொண்டிருந்தது பெட்டி தனக்குத்தானே எழுதுகிற நாட்குறிப்பாகத்தான் இருக்கும். அதில் ஒரு வரி போனால் போகட்டும். வாசிக்க முடியாமல் விட்ட துண்டும் மிகச் சின்னது. ஏதாவது ஒரு படத்தில் ஒரு கணம் கட்டம் கட்டமாக உடைந்து தெரியும். அவ்வளவுதான்.

ஆகவே இந்தமுறை அசெம்பிள் வரியில் ஒரு சொல் கூட்டி எழுதியிருக்கிறேன். "இருக்கிறதோடு எழும்பு, பொறுப்பு எங்களுடையது" என்று அதற்குச் சொல்கிற சொல். நகலில் மட்டும்தான் இதைச் செய்கிறோம், மூலம் அண்ணையின் வேட்டிக்குள் பத்திரமாக இருக்கிறது, அதனால் பயப்பட வேண்டாம். அடுத்த வரி படங்களை வாசிக்க மட்டும் திறக்கும். எழுத விடாது. திறந்ததும் முதலில் எல்லாவற்றையும் வினோஜா தந்த வெளி டிஸ்க்கில் பிரதி எடுங்கள். பார்ப்பது பிறகு. உங்களால் பொறுக்க முடியாது என்று தெரியும், எழுதிவைக்கிறேன்.

அண்ணி, குரல் வந்தால் எனக்கு ஒன்று சொல்லுங்கள். எனக்கும் மறக்கிறது. "சட்டி பானையைக் கழுவு" என்றாரே, அந்தச் சொல் இருக்கிறது, சத்தம் இல்லை. நான் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். என் குரல்தான் கேட்டது.

மூஞ்சூறு


உரும்பிராய் கிழக்கு
01.03.2025

மூஞ்சூறு,

எழும்பிவிட்டது.

நீ எழுதினபடியே அடித்தேன். ஒரு வரி வந்தது, மூன்று பேரோடு தொடங்கியது என்று. பிறகு ஊர் ஊராகப் பெயர் வந்தது. மருதனார்மடம், கோப்பாய், கொடிகாமம் எல்லாம் அவர் இங்கிலீசில் எழுத்துப் பிழையோடு வைத்த பெயர்கள். உன் சொல்லைக் கேட்டு முதலில் பிரதி எடுத்தேன். அது முடியும்வரை வெளியே வந்து முற்றம் கூட்டினேன். கூட்டின முற்றத்தைத் திரும்பக் கூட்டினேன்.

தம்பிஐயாவுக்கு ஆள் அனுப்பினேன். அவர் வந்தபிறகுதான் கொடிகாமத்துப் படத்தைத் திறந்தேன். அது அவரின் மனுசி, நான் முதலில் பார்க்கக் கூடாது. அந்த அம்மாவின் முகம் வந்தது. தம்பிஐயா கைத்தடியை நிலத்தில் வைத்துவிட்டு இரண்டு கையாலும் கதிரையைப் பிடித்தார். அப்போது குரல் வந்தது. "ஐயா, நீங்களும் ஒருக்கால் கிட்ட வாங்கோ. மகள் உங்களையும் தேடுவா" என்று.

நான் அழவில்லை. அதிசயப்பட்டேன். அது உன் குரல் இல்லையடா. கொஞ்சம்கூட இல்லை. உன்னுடையது நெஞ்சால் வரும். அவருடையது மூக்கால் வந்து, சொல்லின் கடைசியை விழுங்கிவிடும். இருபத்தைந்து வருசம் கேட்டவள் அதை ஒரு நாளில் மறந்துபோய் உன் குரலை அவர் குரல் என்று வைத்துக்கொண்டு பயந்திருக்கிறேன். நீ இனிப் போன் அடி. பயப்படாமல் அடி. எடுப்பேன்.

தம்பிஐயா பார்த்து முடித்து, பிரதியை வாங்கிச் சாரத்து மடிக்குள் கட்டிக்கொண்டார். படலையில் நின்று, "வாறன் பிள்ளை" என்றார். செத்த வீட்டுக்குப் பிறகு இந்த வீட்டில் ஒருவர் சொல்லிக்கொண்டு போனது அதுதான் முதல்.

அவர் போனபிறகு அந்த ஊர்ப் பெயருக்குள் இன்னொரு படம் இருந்ததைக் கண்டேன். நடு வீட்டில் ஸ்ராண்டில் நிறுத்தி வைத்த இரண்டாவது கமரா எடுத்தது. அவர் கைக்கமராவோடு ஆம்பிளைகளுக்குப் பின்னால் சுடலைக்குப் போய்விட்டார். இதை அணைக்க மறந்துவிட்டார். அதனால் அது அந்த வீட்டைத் தானாக எடுத்துக்கொண்டிருக்கிறது. பெண்டுகள் அழுது ஓய்கிறார்கள். நிலம் கழுவுகிறார்கள். ஒவ்வொருவராகப் போகிறார்கள். பிறகு கனநேரம் ஒருவரும் இல்லை, ஈர நிலமும் குத்துவிளக்கும்தான். நான் அதையும் விடாமல் பார்த்தேன். அந்த வீடும் எங்கள் வீடு மாதிரித்தான் இருந்தது.

பிறகு அவர் வருகிறார்.

மூஞ்சூறு, அவர் படத்துக்குள் வருகிறார். எல்லாரையும் எடுத்த மனுசன், முழு ஆளாக. சேர்ட் நனைந்திருக்கிறது. கைக்கமராவை மேசையில் வைக்கிறார், பக்கத்தில் போனையும் வைக்கிறார். கதிரையில் இருந்து முகத்தைத் துடைக்கிறார். பிரேதப் பெட்டி இருந்த இடத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கிறார். களைத்துப்போய் இருக்கிறார், நெஞ்சைத் தடவுகிறார், அதை எனக்கு அன்று வீட்டுக்கு வந்து சொல்லவில்லை. அந்த இடத்தில்தான் படம் ஒரு கணம் கட்டம் கட்டமாக உடைகிறது. நீ சொன்ன துண்டு அதுதான் போல.

படம் தெளிகிற நேரம் அவர் தலையைத் திருப்பி, அந்தப் பக்கத்து வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஆரோ கூப்பிட்ட மாதிரி. எதையோ கேட்கிற அந்த முகம், நான் உனக்கு எழுதினேனே, அதே முகம். "ஓம்" என்கிறார். கொஞ்சம் பொறுத்து, "ஓம். வாறன்" என்கிறார். எழும்பி வந்து கமராவை அணைக்கிறார். அவரின் கை வந்து மூடுகிறது.

நான் அடுத்த நாளே கொடிகாமத்துக்குப் பஸ் ஏறினேன். தம்பிஐயாவைக் கேட்டேன். "நான் வெளியிலை கதிரை ஏத்திக்கொண்டு நிண்டன் பிள்ளை. உள்ளுக்கு ஒரு சனமும் இல்லை. அந்த வாசலாலை போனால் சாமி அறைதான், அது பூட்டிக் கிடந்தது" என்றார். போன் மேசையில் கிடக்கிறது, படத்தில் நானே பார்த்தேன். நானும் அந்த நேரம் அவரைக் கூப்பிடவில்லை. உடைந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். சத்தம் இல்லை. அலுமாரியில் இருக்கிற மூலத்தில் கேட்குமா என்று யோசித்தேன், அந்த டிஸ்க்கைத் திரும்ப ஓட்ட எனக்கு மனம் இல்லை.

நீ டிஸ்க்குகளைப் பற்றிக் கேட்டதெல்லாவற்றுக்கும் பதில் சொன்னாய். இதையும் உன்னைத்தான் கேட்க வேண்டும், வேறு ஆரைக் கேட்கிறது? எத்தனை வருசமாய் எத்தனை செத்த வீட்டால் ஒரு வார்த்தை பேசாமல் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு வெளிக்கிட்ட மனுசன், மூன்றாம் நாள் சாகப் போகிறவர், அன்றைக்கு அந்த வீட்டில் ஆருக்கடா "வாறன்" என்று சொன்னவர்?